பழைய மெல்லிசு லேப்டாப்புக்கு ரேம், எஸ்எஸ்டி போட்டா தேறுமா? மதர்போர்டுதான் முடிவு பண்ணும்

விண்டோஸ் 10க்கான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட முடிஞ்சுது. அப்போல இருந்து நிறைய பேர் கேக்குற கேள்வி ஒண்ணுதான். வீட்ல 12 இன்ச்லயோ 13 இன்ச்லயோ ஒரு பழைய மெல்லிசு லேப்டாப் கிடக்கு, பையில போட்டா வெயிட்டே தெரியாது, கீபோர்டும் அருமையா இருக்கு, ஆனா பிரவுசர் ஓப்பன் பண்ணவே மூச்சு வாங்குது, இதுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் போட்டா தேறுமா இல்ல காசு தண்டமா? கடையில ஒருத்தர் "எஸ்எஸ்டி போட்டா பறக்கும்"ங்கிறார், அடுத்த கடையில "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க"ங்கிறாங்க. ரெண்டு பேச்சுமே சில மெஷினுக்கு சரி, சில மெஷினுக்கு தப்பு. உங்க கையில இருக்கிறது எந்த வகைன்னு தெரியணும்னா உள்ள எது ஸ்லாட்ல மாட்டியிருக்கு, எது போர்டுலயே சால்டர் பண்ணி, அதாவது ஈயம் வச்சு ஒட்டியிருக்குன்னு மொதல்ல தெரியணும். மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

உள்ள என்னென்ன இருக்கு

1. பிராசஸர். மெல்லிசு லேப்டாப்ல இது கிட்டத்தட்ட எப்பவுமே போர்டோட சால்டர் பண்ணினதுதான். ஐ5 எடுத்துட்டு ஐ7 போடுறேன்னு யாராவது சொன்னா அவங்க மதர்போர்டையே மாத்தப் போறாங்கன்னு அர்த்தம்.

2. ரேம். இது ரெண்டு மாதிரி வரும். ஸ்லாட்ல சொருகுற குச்சியா வந்தா அதுக்குப் பேரு சோடிம். டிடிஆர்3எல்னா 204 பின், 1.35 வோல்ட். டிடிஆர்4னா 260 பின், 1.2 வோல்ட். ஒண்ணுக்கு இன்னொண்ணு பொருந்தவே பொருந்தாது, வெட்டு இருக்கிற இடமே வேற. இன்னொரு மாதிரி, எல்பிடிடிஆர்னு ஆரம்பிக்கிற ரேம். கரண்ட் கம்மியா எடுக்கும், ஆனா பிராசஸருக்கு ரொம்பப் பக்கத்துல இருந்தாதான் சிக்னல் ஒழுங்கா போகும்ங்கிறதால போர்டுலயே சால்டர் பண்ணிடுவாங்க. ஸ்பெக்ல எல்பிடிடிஆர்3, எல்பிடிடிஆர்4எக்ஸ்னு பாத்தீங்கன்னா ரேம் ஏத்துற ஆசைய அங்கயே விட்டுடுங்க.

3. ஸ்டோரேஜ். 2.5 இன்ச் சாட்டா, எம்சாட்டா, எம்.2ன்னு மூணு வடிவம். எம்.2லயும் நீளம் வேற வேற, 2280ன்னா 22 மில்லிமீட்டர் அகலம் 80 மில்லிமீட்டர் நீளம், 2242ன்னா நீளம் 42தான். இதுல நிறைய பேர் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. எம்.2ங்கிறது வடிவம் மட்டும்தான், அதுக்குள்ள ஓடுறது சாட்டாங்கிற பழைய இணைப்பாவும் இருக்கலாம் என்விஎம்இங்கிற புது வேக இணைப்பாவும் இருக்கலாம், ஸ்லாட் எதுக்கு வயரிங் பண்ணியிருக்கோ அதுதான் வேலை செய்யும். சொருகினா உள்ள போகுதேன்னு வாங்கிட்டு வந்து மாட்டினா பயாஸ்ல, அதாவது மெஷின் ஆன் ஆனதும் மொதல்ல ஓடுற அடிப்படை புரோகிராம்ல, டிரைவே தெரியாது.

4. பேட்டரி, ஃபேன், வைஃபை கார்டு, ஸ்கிரீன். இதெல்லாம் பெரும்பாலும் மாத்தலாம், ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு கண்டிஷன் இருக்கு.

ஒரே சீரிஸ், ஆறு வருஷம்

இத புரிஞ்சுக்க லெனோவாவோட திங்க்பேட் எக்ஸ் சீரிஸ விட நல்ல உதாரணம் கிடைக்காது. கம்பெனிங்க மூணு நாலு வருஷம் ஓட்டிட்டு கழிச்சு விடுற மெஷின்கள் இதுதான், ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்கள்ல செகண்ட் ஹேண்டா வரிசையா அடுக்கி வச்சிருப்பாங்க. 12.5 இன்ச் ஸ்கிரீன், வெளிய பாத்தா எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கறுப்பு டப்பா, ஆனா உள்ள ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொண்ணா கதவு மூடிட்டே வந்திருக்காங்க.

2012ல வந்த எக்ஸ்230ல ரெண்டு ரேம் ஸ்லாட், மொத்தம் 16 ஜிபி வரைக்கும் போடலாம். 2.5 இன்ச் டிரைவுக்கு இடம், கூடவே சிம் மோடமுக்குன்னு விட்ட ஸ்லாட்ல ஒரு எம்சாட்டா எஸ்எஸ்டியும் போடலாம், அந்த ஸ்லாட் சாட்டா 2 வேகத்துலதான் ஓடும்னாலும் ரெண்டு டிரைவ் வச்சுக்கலாம்ல. பேட்டரிய பின்னாடி இருந்து இழுத்தா கையோட வந்துடும். 2013ல எக்ஸ்240 வந்தப்போ ரேம் ஸ்லாட் ஒண்ணாச்சு, பேட்டரில ஒரு பாதி உள்ள போச்சு, மறு பாதி மட்டும் வெளிய. 2015 எக்ஸ்250, 2016 எக்ஸ்260, 2017 எக்ஸ்270 வரைக்கும் அந்த ஒத்த ஸ்லாட்தான், எக்ஸ்260ல இருந்து டிடிஆர்4. அப்புறம் 2018ல எக்ஸ்280 வந்துச்சு, முன்ன இருந்ததெல்லாத்தையும் விட மெல்லிசு, வெயிட்டும் கம்மி, ரேம் ஸ்லாட்டே கிடையாது. வாங்கும்போது 4 ஜிபியோ 8 ஜிபியோ 16 ஜிபியோ என்ன இருந்துச்சோ சாகுற வரைக்கும் அதுதான். வெளி பேட்டரியும் போச்சு, 2.5 இன்ச் இடமும் போச்சு, மாத்த மிஞ்சினது எம்.2 எஸ்எஸ்டி ஒண்ணு.

மெல்லிசா வேணும்னு நாமதான் கேட்டோம், சோடிம் ஸ்லாட்டோட உயரம் அதுக்கு இடைஞ்சல்னு தூக்கிட்டாங்க. காரணம் புரியுது. ஆனா விலைய குறைக்க 4 ஜிபிய சால்டர் பண்ணி வித்த மெஷின்கள் எல்லாம் பிராசஸர் நல்லா இருக்கும்போதே குப்பைக்குப் போகுதே, அது எனக்கு ஏத்துக்க முடியாத விஷயம்.

விண்டோஸ் 11 எங்க வந்து மாட்டுச்சு

விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிரைவ், செக்யூர் பூட், டிபிஎம் 2.0ங்கிற செக்யூரிட்டி சிப், இதெல்லாம் வேணும்னு மைக்ரோசாஃப்ட் போட்டிருக்கு. ஆனா ரொம்பப் பேர தடுக்கிறது பிராசஸர் லிஸ்ட்தான். இன்டெல்னா 8ஆம் தலைமுறைல இருந்துதான் கணக்கு, அதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு விதிவிலக்கு மட்டும்.

இப்ப மேல சொன்ன வரிசைய மறுபடி பாருங்க. எக்ஸ்270ல இருக்கிறது 6ஆம், 7ஆம் தலைமுறை. அதுக்கு 16 ஜிபி போடலாம், டிரைவ் மாத்தலாம், பேட்டரி மாத்தலாம், எல்லாம் கைவசம் இருக்கு, ஆனா விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமா கிடையாது. எக்ஸ்280ல பெரும்பாலும் 8ஆம் தலைமுறை, விண்டோஸ் 11 தாராளமா ஓடும், ஆனா ரேம்ல கை வைக்க முடியாது. ஏத்த முடியுற மெஷினுக்கு விண்டோஸ் கிடையாது, விண்டோஸ் இருக்கிற மெஷின்ல ஏத்த முடியாது. இப்ப நடக்குற குழப்பத்துக்கு பாதி காரணம் இந்த ஒரு வருஷ இடைவெளிதான்.

அந்தக் கோடு வெறும் பேப்பர்ல போட்ட கோடும் இல்ல. 15 வாட் பிராசஸர்கள்ல 7ஆம் தலைமுறை ஐ5 வரைக்கும் 2 கோர்தான், 2017 ஆகஸ்ட்ல 8ஆம் தலைமுறை ஐ5-8250யு வந்தப்போதான் அதே 15 வாட்ல 4 கோர் ஆச்சு. எக்ஸ்270க்கு நீங்க எவ்ளோ செலவு பண்ணாலும் இந்த வித்தியாசத்த வாங்க முடியாது.

அப்ப பழைய மெஷின் வச்சிருக்கவங்களுக்கு என்ன வழி?

1. விண்டோஸ் 10லயே இருந்துட்டு நீட்டிச்ச செக்யூரிட்டி அப்டேட்டுல சேரலாம். வீட்டு யூசர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான், அதனால இது அவகாசம் மட்டும்தான்.

2. மேல சொன்ன தகுதி சோதனைய தாண்டி விண்டோஸ் 11 போடலாம். பழைய கோர் ஐ வரிசைலகூட ஓடும், நிறைய பேர் ஓட்டுறாங்க. ஆனா மைக்ரோசாஃப்ட் இதுக்கு பொறுப்பு எடுத்துக்கல, வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற பெரிய அப்டேட்ட நீங்கதான் கையால போடணும். வங்கி வேலை, ஆபீஸ் வேலை பாக்குற மெஷினுக்கு இத நான் சொல்ல மாட்டேன்.

3. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் மாதிரி ஒரு இலவச ஓஎஸ் போடலாம். பிரவுசர், டாக்குமென்ட், வீடியோ கால், கோடிங்தான் வேலைன்னா இந்த மூணுல இதுதான் ரொம்ப நாள் தாங்குற வழி. திங்க்பேட்கள்ல லினக்ஸ் பெரும்பாலும் சண்டை போடாம உக்காந்துக்கும். டாலி, டிஎஸ்சிங்கிற டிஜிட்டல் கையெழுத்து, சில பிரிண்டர்னு விண்டோஸ நம்பியே இருக்கிற வேலைன்னா மட்டும் யோசிக்கணும்.

வாங்குறதுக்கு முன்னாடி, ஸ்லோவுக்குக் காரணம் எது

டாஸ்க் மேனேஜர திறந்து வச்சுக்கிட்டு உங்க வழக்கமான வேலைய ஒரு அரை மணி நேரம் பாருங்க.

1. டிஸ்க் 100 சதவீதத்துலயே நிக்குது, ஆனா பக்கத்துல பாத்தா செகண்டுக்கு ஒண்ணு ரெண்டு எம்பிதான் போகுதுன்னா ஹார்ட் டிஸ்க்தான் பிரச்சனை.

2. மெமரி 85, 90ன்னு நிக்குது, ஒரு டேப்ல இருந்து இன்னொரு டேப்புக்குப் போனா பக்கம் மறுபடி லோட் ஆகுதுன்னா ரேம் பத்தல.

3. சிபியு 100 போகுது, ஃபேன் கத்துது, ஸ்பீடு மட்டும் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழ இறங்கிக் கிடக்குன்னா சூடு, இல்லன்னா பவர் கோளாறு. இதுக்கு ரேம் வாங்கிப் போட்டா ஒரு துளி மாத்தமும் இருக்காது.

4. யூடியூப் போட்டா மட்டும் ஃபேன் கத்துதுன்னா அது வேற விஷயம். யூடியூப் இப்ப பெரும்பாலும் விபி9, ஏவி1ங்கிற ஃபார்மட்லதான் வீடியோ அனுப்புது. எக்ஸ்240ல இருக்கிற ஹாஸ்வெல் தலைமுறைக்கு விபி9அ ஹார்டுவேர்ல பிரிக்கத் தெரியாது, முழுசா செய்யத் தெரிஞ்சது 7ஆம் தலைமுறைல இருந்துதான். அதனால பழைய மெஷின்ல அந்த வேலை மொத்தமும் சிபியு தலையில விழுது. வீடியோவ எச்.264ல கேட்டு வாங்குற பிரவுசர் எக்ஸ்டென்ஷன் போட்டாலே பாதி சூடு குறையும், காசும் ஆகாது.

எஸ்எஸ்டி: மொத காசு இங்கதான்

இன்னும் சுத்துற ஹார்ட் டிஸ்க்ல இருக்கீங்கன்னா வேற எதையும் யோசிக்காதீங்க. ஹார்ட் டிஸ்க்ல ஒரு சின்ன ஃபைல எடுக்க ஊசி அந்த இடத்துக்கு நகரணும், தட்டு சுத்தி வரணும், அதுக்கே பத்து பதினஞ்சு மில்லிசெகண்ட் ஆகும், விண்டோஸ் ஸ்டார்ட் ஆகும்போது இப்படி ஆயிரக்கணக்குல எடுக்குது. எஸ்எஸ்டில நகர்ற பாகமே இல்லாததால அந்தக் காத்திருப்பு கிட்டத்தட்ட காணாமப் போயிடும். சாட்டா எஸ்எஸ்டியோட உச்சம் செகண்டுக்கு 550 எம்பி, பிசிஐஇ 3.0 வகை என்விஎம்இக்கு 3500 எம்பின்னு பெட்டில போட்டிருப்பாங்க, ஆனா நீங்க உணரப் போற வித்தியாசம் ஹார்ட் டிஸ்க்ல இருந்து சாட்டாவுக்கு வர்றதுலதான் இருக்கு. சாட்டால இருந்து என்விஎம்இக்குப் போறது அன்றாட வேலைல பெருசா தெரியாது, அதுக்காக அடாப்டர் தேடி அலைய வேண்டாம்.

எக்ஸ்240, 250, 260க்கு 7 மில்லிமீட்டர் தடிமன்ல 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி ஒண்ணு போதும். எக்ஸ்270ல என்விஎம்இயும் போடலாம், ஆனா அதுக்கு டிரைவ பிடிச்சு வைக்கிற தனி தட்டு (கேடி) வேணும், கேபிளும் சாட்டாவுக்கு வர்றது வேற என்விஎம்இக்கு வர்றது வேற, அத பாக்காம டிரைவ் மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க. இன்னும் பழைய மெஷின்கள்ல, எக்ஸ்230 காலத்துல, பயாஸுக்கு என்விஎம்இல இருந்து பூட் பண்ணவே தெரியாது.

பழைய டிரைவ கழட்டுறதுக்கு முன்னாடி டிரைவ பூட்டி வைக்கிற விண்டோஸோட பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு பாத்து ரெகவரி கீய வேற எங்கயாவது எழுதி வச்சுக்கோங்க, இல்லன்னா ஆஃப் பண்ணிட்டு புது டிரைவுக்கு குளோன் (அப்படியே நகல்) பண்ணுங்க. பேரே கேள்விப்படாத பிராண்டுல 2 டிபி அடிமாட்டு விலைக்குக் கிடைக்குதுன்னா வேண்டாம், உள்ள சின்ன சிப்ப வச்சுட்டு பெரிய அளவா காட்டுற போலிகள் நிறைய சுத்துது.

ரேம்: அளவு மட்டும் பாத்தா போதாது

எக்ஸ்240ம் எக்ஸ்250ம் பாக்க ஒண்ணுபோல இருக்கும், ரெண்டுக்கும் ஒத்த டிடிஆர்3எல் ஸ்லாட்தான். ஆனா எக்ஸ்240ல இருக்கிற ஹாஸ்வெல் ஒரே குச்சில 8 ஜிபிக்கு மேல ஏத்துக்காது, எக்ஸ்250ல இருக்கிற ப்ராட்வெல் 16 ஜிபி குச்சிய ஏத்துக்கும். காரணம் குச்சில இருக்கிற ஒவ்வொரு சிப்போட அடர்த்தி, பழைய மெமரி கண்ட்ரோலருக்கு அத படிக்கத் தெரியாது. 16 ஜிபி குச்சிய வாங்கி எக்ஸ்240ல போட்டா ஸ்கிரீனே வராது, ரேம் கெட்டுப் போச்சுன்னு கடையில சண்டை போட்டுட்டு நிப்போம்.

வோல்டேஜும் பாக்கணும். எக்ஸ்230 வரைக்கும் 1.5 வோல்ட் டிடிஆர்3 ஓடும், எக்ஸ்240, எக்ஸ்250ல 1.35 வோல்ட் எல் வகை மட்டும்தான். லேபிள்ல பிசி3எல்னு இருக்கணும், வெறும் பிசி3ன்னு இருந்தா வாங்காதீங்க.

எவ்ளோ போடணும்? பிரவுசரும் டாக்குமென்ட்டும்னா 8 ஜிபி, முப்பது டேப் திறந்து வச்சுட்டு வீடியோ காலும் பேசுறவங்களுக்கு 16. 2025 கடைசில இருந்து ஏஐ சர்வர்களுக்கே சிப் உற்பத்தி திரும்பிட்டதால ரேம் விலை கடுமையா ஏறிக் கிடக்கு, அதனால பழைய மெஷின்ல இருந்து கழட்டின பிராண்டட் குச்சி நல்ல கடையில வாரண்டியோட கிடைச்சா தாராளமா வாங்கலாம். போட்டதும் ரேம சோதிக்கிற மெம்டெஸ்ட் புரோகிராம ஒரு ராத்திரி முழுக்க ஓட விட்டுப் பாருங்க, ஒரே ஒரு எரர் வந்தாலும் திருப்பிக் குடுத்துடுங்க.

சால்டர் பண்ணின 4 ஜிபின்னா லினக்ஸ்ல ஜிராம்னு ஒண்ணு இருக்கு, ரேம்ல இருக்கிறத சுருக்கி வச்சு கொஞ்சம் இடம் பண்ணிக் குடுக்கும். சமாளிக்கலாம், அவ்ளோதான்.

பேட்டரியும் சூடும்: யாரும் பேசாத பாதி

பேட்டரி கொள்ளளவ வாட் அவர்ல சொல்லுவாங்க. விண்டோஸ்லயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம், அதுல டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டின்னு ரெண்டு நம்பர் வரும். 23 வாட் அவர் இருக்க வேண்டிய இடத்துல 11, 12ன்னு காட்டினா பாதி உயிர் போயிடுச்சுன்னு அர்த்தம். டச்பேட் லேசா மேல தூக்கிட்டு நிக்குது, அழுத்தினா கிளிக் ஆகல, இல்ல கீழ் மூடி விளிம்புல மயிரிழை இடைவெளி தெரியுதுன்னா பேட்டரி உப்பியிருக்கு. அன்னைக்கே சார்ஜ் போடுறத நிறுத்துங்க. அத குத்தாம, வளைக்காம கழட்டணும், கை பழகாதவங்க கடையில குடுத்துடுறதுதான் நல்லது.

டூப்ளிகேட் பேட்டரிய பல திங்க்பேட்கள் கண்டுபிடிச்சிடும், எக்ஸ்230ல பயாஸே இந்த பேட்டரி செல்லாதுன்னு சொல்லி சார்ஜ் ஏத்தாம விட்டுடும். ஒரிஜினலே வாங்கினாலும் தயாரிப்பு தேதிய பாருங்க, அஞ்சு வருஷம் குடோன்ல கிடந்த பேட்டரி புது டப்பாவுல வந்தாலும் கிழடுதான்.

அப்புறம் சூடு. பிராசஸருக்கும் செம்புக் குழாய்க்கும் நடுவுல இருக்கிற தெர்மல் பேஸ்ட் ஏழெட்டு வருஷத்துல காஞ்சு சுண்ணாம்பு மாதிரி உதிரும், ஃபேன் காத்து வெளிய போற அந்த மெல்லிசு தகடுகளுக்குள்ள தூசி கம்பளி விரிச்ச மாதிரி படிஞ்சிருக்கும். பழச துடைச்சு புது பேஸ்ட் போட்டு தூசி எடுத்தா ரொம்ப கம்மி செலவுல பெரிய மாத்தம் கிடைக்கும். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்கள மேலயே நம்பர் போட்டிருப்பாங்க, அந்த வரிசைலயே கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க.

வைஃபை, ஸ்கிரீன்

வைஃபை கார்டு மாத்துறவங்க ரெண்டு விஷயம் பாக்கணும். எக்ஸ்250 வரைக்கும் லெனோவா பயாஸ்ல ஒரு அனுமதிப் பட்டியல் இருக்கு, அதுல இல்லாத கார்ட போட்டா 1802ன்னு எரர் காட்டிட்டு பூட்டே ஆகாது. எக்ஸ்260ல இருந்து அந்தத் தொல்லை இல்ல, இன்டெல் ஏஎக்ஸ்200 போடலாம். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 வாங்கிடாதீங்க, பேரு பக்கத்துல பக்கத்துல இருந்தாலும் அதுக்கு புது சிப்செட்டோட துணை வேணும், பழைய போர்டுல உயிரே வராது.

1366க்கு 768 ஸ்கிரீன் இருக்கிற எக்ஸ்240, 250ல முழு எச்டி ஐபிஎஸ் பேனல் போட்டு ஓட்டுறவங்க நிறைய இருக்காங்க, 30 பின் கனெக்டர்தான். தினமும் எட்டு மணி நேரம் பாக்குற மெஷின்னா செலவுக்கு ஏத்த விஷயம்தான், ஆனா கடைசியா செய்யுங்க.

மேக்புக் ஏர் வச்சிருக்கவங்களுக்கு

ஏர்ல ரேம் எப்பவுமே சால்டர்தான். 2013ல இருந்து 2017 வரைக்குமான மாடல்கள்ல எஸ்எஸ்டி தனியா கழண்டு வரும், ஆனா ஆப்பிளோட சொந்த வடிவ கனெக்டர். சின்ன அடாப்டர் வச்சா சாதாரண எம்.2 என்விஎம்இ போடலாம், அதுக்கு முன்னாடியே பழைய டிரைவ்ல மேக்ஓஎஸ் ஹை சியரா அல்லது அதுக்கு மேல ஒரு தடவ இன்ஸ்டால் ஆகியிருக்கணும், ஏன்னா என்விஎம்இய அடையாளம் தெரிஞ்சுக்கிற ஃபர்ம்வேர் அதோடதான் வருது. 2018க்கு அப்புறம் வந்த ஏர்ல எஸ்எஸ்டியும் போர்டோட ஒட்டிட்டாங்க. இன்னொண்ணு, 2015, 2017 ஏர்களுக்கு புது மேக்ஓஎஸ் குடுக்குறத மான்டெரேயோட ஆப்பிள் நிறுத்திடுச்சு, அதனால பெரிய எஸ்எஸ்டில காசு கொட்டுறதுக்கு முன்னாடி அதுல எந்த ஓஎஸ் ஓட்டப் போறீங்கன்னு முடிவு பண்ணிக்கோங்க.

எவ்ளோ வரைக்கும் செலவு பண்ணலாம்

நான் வச்சிருக்கிற கணக்கு இது. எஸ்எஸ்டி, ரேம், பேட்டரி மூணும் சேத்து, நல்ல நிலைமைல இருக்கிற ஒரு 8ஆம் தலைமுறை செகண்ட் ஹேண்ட் லேப்டாப்போட விலைல பாதிய தாண்டினா நிறுத்திக்கோங்க. தேடும்போது திங்க்பேட் டி480எஸ் மாதிரி மெஷின பாருங்க, அதுல கொஞ்சம் ரேம் சால்டர் பண்ணியிருந்தாலும் கூட ஒரு ஸ்லாட் விட்டிருக்காங்க, 4 கோரும் இருக்கு, விண்டோஸ் 11ம் ஓடும். சாட்டா எஸ்எஸ்டி வாங்கினது வீணாகாது, நாளைக்கு வேற மெஷினுக்கோ யுஎஸ்பி டப்பாவுக்கோ போயிடும். ஆனா டிடிஆர்3எல் ரேமும் அந்த மாடலுக்கான பேட்டரியும் அதோடயே முடிஞ்சிடும், அதனால அந்த ரெண்டுல மட்டும் கை கட்டுப்பாடா இருக்கணும்.

திறக்குற அன்னைக்கு சார்ஜர பிடுங்குங்க, வெளி பேட்டரிய எடுங்க, அதோட விட்டுடாதீங்க. எக்ஸ்240ல இருந்து உள்ள ஒரு பேட்டரி இருக்கு, பயாஸுக்குள்ள கான்ஃபிக்ல பவர் பக்கம் போனா உள் பேட்டரிய டிசேபிள் பண்ற ஆப்ஷன் இருக்கும், அத குடுத்ததும் மெஷின் தானா ஆஃப் ஆயிடும், அதுக்கு அப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவர எடுக்கணும். அடி மூடில இருக்கிற ஸ்க்ரூ தளர்ந்தாலும் மூடியோடயே ஒட்டிட்டு இருக்கும், வெளிய வரலையேன்னு நெம்பாதீங்க. பிளாஸ்டிக் கிளிப்ப பழைய ஏடிஎம் கார்டு வச்சு ஓரமா நகர்த்திட்டே வந்தா உடையாம திறக்கும். வேலை முடிஞ்சு மூடினதும் சார்ஜர ஒரு தடவ சொருகுங்க, டிசேபிள் பண்ணி வச்ச பேட்டரி அப்பதான் மறுபடி முழிக்கும், அதுவரைக்கும் பவர் பட்டன எத்தன தடவ அமுக்கினாலும் ஆன் ஆகாது.